இரண்டு தகப்பன்களுக்கு ஏலம் போனவன்

என்னை இரண்டு தடவை ஏலம் விட்டிருக்கிறார்கள். சேவல், ஆட்டுக்குட்டி, பூசணிக்காய் வரிசையில் நிற்கவைத்து, ஊரே பார்க்க, ஒரு தரம், இரண்டு தரம் என்று சத்தம் போட்டு. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் அதிசயமே கிடையாது. பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால், இவன் பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று தாய் அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்வாள். பிழைத்துவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! திருவிழா அன்று பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். கோயில் அதை ஏலம் விடும். பெற்ற தகப்பனே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவான். புனிதருக்குக் காணிக்கையும் போய்ச் சேர்ந்தது, பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

எனக்குத்தான் நஷ்டம் ஆனது. என் விஷயத்தில் மட்டும் பெற்றவர் எடுக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு மூன்று வயது. விஷக் காய்ச்சலில் கிடந்தேன்; ஆசுபத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்; அம்மா அழுது நேர்ந்துகொண்டாள்; எப்படியோ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்த ஏலம் ஞாபகம் இல்லை. ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி, இப்போது நானே கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஏரிக்கரை ஓரம் இருந்தது. கிறிஸ்தவ வீடுகள் ஒரு தெருவுக்குத்தான் வரும். தெருக்கோடியில் அந்தோணியார் கோயில். அதன் முன்னால் புளியமரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு என்னை அதன்மேல் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. தகப்பன் மட்டுமே கேட்டு எடுத்துக்கொண்டு போனால் புனிதருக்கு அவமானம். வேறு ஒருவர் போட்டிக்குக் கேட்க வேண்டும்; தகப்பன் அதற்கு மேலே கேட்பார்; போட்டிக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிடுவார். அந்த வருஷம் போட்டிக்கு வந்தவர் எங்கள் உபதேசியார். பூசை வைக்கிற பாதிரிச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்வது, வேதம் வாசிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் உபதேசியார்தான். அவருக்குப் பிள்ளை இல்லை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கோபக்காரர் என்றால் அப்படி ஒரு கோபக்காரர். பம்ப் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பம்ப்பையே ரோட்டில் விட்டெறிவார். பிறகு அவரே போய் எடுத்துவருவார்.

நைனா ஏலம் கேட்டார். உபதேசியார் மேலே கேட்டார். நைனா அதற்கும் மேலே கேட்டார். இத்தோடு முடிய வேண்டும். கூட்டம் கையைத் தட்டத் தயாராக இருந்தது. உபதேசியார் ஒதுங்கவில்லை. இன்னும் கூட்டிக் கேட்டார். ஏன் கேட்டார் என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. நைனாவுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது.

"இன்னாயா இது! எம் புள்ளைக்கு எங்கிட்டயே போட்டியா? வச்சிக்கயா நீயே!"

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுக்கப் போய்விட்டார். ஏலம் விட்ட பெரியவர் பாவம், "ரெண்டு தரம்" என்பதை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். அம்மா ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவர் திரும்பவில்லை. மூன்று தரமும் ஆகிவிட்டது. மேளக்காரர்கள்கூட அடிக்கவில்லையாம்.

உபதேசியார் என்னைத் தூக்கிவந்து அம்மாவின் மடியில் வைத்தார். "தாயே, புள்ள உங்க வூட்லயே வளரட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். தகப்பன் புள்ளைக்கு புத்தி சொல்லணும்னு வேதத்துல கீது. அந்த ஒரு வேலைய எனக்கு குடுத்துடுங்க. போதும்." கூட்டம் சிரித்தது. வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டது. மனுஷன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசையோ செபமோ முடிந்ததும் மற்ற பிள்ளைகள் ஏரிக்கு ஓடும். நான் மட்டும் உபதேசியார் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருப்பேன். அவர் மனைவி ஒரு தட்டில் சுண்டல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேதாகமத்தில் தகப்பன் மகனுக்குச் சொல்கிற இடமாகப் பார்த்துப் பிரிப்பார். "மகனே" என்று ஆரம்பிப்பார். அந்த வேதத்தில்தான் எத்தனை மகனே! சோம்பேறியைத் திட்டும் அதிகாரம், குடிகாரனைத் திட்டும் அதிகாரம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஜாமீன் போகாதே என்கிற அதிகாரம். அன்னியப் பெண்ணிடம் ஜாக்கிரதையாக இரு என்று எனக்கு ஒன்பது வயதில் முழு அதிகாரம் வாசித்தார். எங்கள் தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் எனக்கு அத்தை, சித்தி, பெரியம்மா. அந்த அன்னியப் பெண் எந்த பஸ்ஸில் வந்து இறங்குவாள் என்று கொஞ்ச நாள் கடை வாசலில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாசித்து முடித்து, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுதுங்க ஐயா" என்பேன். சுண்டலைத் தின்றுவிட்டு வருவேன்.

இதுகூடப் பரவாயில்லை. கொடுமை வீட்டில்தான். அன்றைய கோபத்தில் விட்டுவிட்டு வந்த நைனா அதற்குப் பிறகு எனக்கு ஒரு நல்லது கெட்டது சொன்னதில்லை. அடித்ததும் இல்லை. என் அக்காவைத் திட்டுவார், கொஞ்சுவார், தலையில் குட்டுவார். என்னிடம் என்றால் ஒரே பதில்.

"நைனா, வல்லக்கோட்டை கிருத்திகைக்கு பசங்களோட போவட்டுமா?"

"அந்தாள கேளு."

"நைனா, டூரிங் டாக்கீஸுல புதுப் படம் போட்டுகிறான்..."

"எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற? எடுத்தவன் அவன்தான? அவன கேளு."

உபதேசியாரிடம் ஓடுவேன். அவர் போ என்றும் சொல்ல மாட்டார், போகாதே என்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கெட்ட சகவாசம் பற்றி வாசிப்பார். "அதெல்லாம் சரிங்க ஐயா, போவட்டுமா வேணாமா?" என்று கேட்டால், "முடிவு சொல்றது பெத்தவரு வேல. நான் புத்தி சொல்றதுக்குத்தான் எடுத்தேன்" என்பார். அதற்குள் அங்கே படம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பார்கள். நைனாவும் அவரும் நேரில் பார்த்தால் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தகப்பன்களுக்கு நடுவில் நான் பந்து உருளுகிற மாதிரி உருண்டுகொண்டிருந்தேன். ஒருத்தர் வாயைத் திறப்பதில்லை, ஒருத்தர் திறந்தால் மூடுவதில்லை. ஒருத்தராவது என்னைப் பார்த்து 'இதைச் செய்டா' என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ராத்திரி பாயில் படுத்தால் மூச்சு முட்டும். அவ்வளவு பேஜார்.

பத்தாவது முடித்ததும் கடையில் உட்காரவைத்தார்கள். அதையும் நைனா சொல்லவில்லை. அம்மாதான் சாப்பாட்டுக் கூடையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். நானும் போனேன், உட்கார்ந்தேன். எங்கள் கடைக்கு எதிரே பெங்களூர் ரோடு. நாள் முழுக்க லாரிகள். தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள், எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். டிரைவர்கள் டீ குடிக்க இறங்கி, நம்மைப் பார்க்காமலே ஏறிப் போய்விடுவார்கள். நான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நைனா பக்கத்திலேயே சக்கரத்துக்குக் கோணல் எடுத்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்களுக்குள் ஒரு பேச்சு இருக்காது.

எனக்குப் பதினெட்டு ஆனபோது ஒரு வழி திறந்தது. அக்காவைக் கட்டியவர் வடக்கே ஒரு இரும்பு ஆலையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு வந்திருந்தார். கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல வேலக்காரன் கைடா இது. எங்கூட வா. அப்ரண்டிஸா சேத்து வுடறேன். ஆள் எடுத்துகினு கீறாங்க. இப்ப வுட்டா அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாது. திருவிழா முடிஞ்ச மறுநாள் நான் கெளம்பறேன்."

அன்று ஒரு சைக்கிளுக்கு டியூப் வெடிக்கிறவரை காற்றடித்துவிட்டேன். போக வேண்டும். எப்படியாவது போக வேண்டும். அதற்கு யாராவது ஒருத்தர் போ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓடிப்போகிற தைரியம் எனக்கு இல்லை; அம்மா செத்தே போவாள்.

நைனாவிடம் கேட்டேன். வழக்கமான பதில். "அந்தாள கேளு."

உபதேசியாரிடம் போனேன். அவர் என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். பிறகு வேதாகமத்தில் எனக்கு இதுவரை வாசிக்காத ஒரு இடத்தைப் பிரித்தார். கண் பார்வை போன ஒரு தகப்பன் தன் ஒரே மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்கிற கதை. மகனே, நான் செத்தால் என்னை நல்லபடி அடக்கம் பண்ணு; உன் தாயைக் கைவிடாதே; அவள் உயிரோடு இருக்கும்வரை அவள் மனம் நோக நடக்காதே; அவள் உன்னைச் சுமந்தபோது எவ்வளவு பாடுபட்டாள் தெரியுமா என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நைனாவின் கோபத்தில் பாதியாவது எனக்கும் இருக்காதா?

"போதும் ஐயா. புரிஞ்சுது. அம்மாவ வுட்டு போவாத, கடையிலயே கெட. அதான? இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நீட்டு?"

"மகனே, இன்னும் முடியல. உக்காரு, கேளு..."

நான் கேட்கவில்லை. சுண்டல் தட்டைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். "ஏலத்துல போன சரக்க ஏலத்துலதான்டா மீக்கணும். மறுபடியும் ஏறி நில்லு. உங்க நைனா எடுத்தாருன்னா அவுருதான் முடிவு சொல்லணும். தப்பிக்கவே முடியாது." விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் நேர்ந்துக்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

திருவிழா அன்று சேவல் போனது, ஆட்டுக்குட்டி போனது. அப்புறம் நான் பெஞ்சில் ஏறினேன். மீசை அரும்பிய தடிப்பயல், பேண்ட் போட்டுக்கொண்டு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "யோவ், இத்த ஏலம் எடுத்தா தீனி யாரு போடறது?" என்று ஒருத்தன் கத்தினான். பெஞ்ச் ஒரு கால் ஆடியது. எனக்கு வியர்த்து ஊற்றியது. நைனா கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

உபதேசியார் முதலில் கேட்டார். கூட்டம் திரும்பி நைனாவைப் பார்த்தது. நைனா தரையைப் பார்த்தார்.

"ஒரு தரம்!"

நைனா சைக்கிள் மணியை விரலால் தடவினார்.

"ரெண்டு தரம்!"

இந்த மனுஷன் இந்தத் தடவையும் விட்டுவிட்டால் நான் யாருக்குப் பிள்ளை என்று நினைத்தேன். வடக்கு, ஆலை, வேலை எல்லாம் மறந்துபோய்விட்டது. அந்த நிமிஷம் எனக்கு வேண்டியதெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

"நான் கேக்கறேன்," என்றார் நைனா. குரல் எழும்பவே இல்லை. மேலே கேட்டார்.

உபதேசியார் மறுபடியும் கூட்டிக் கேட்டார். அன்றைக்கு நடந்தது அப்படியே நடக்கப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நைனாவின் தாடை அசைந்தது. துண்டை எடுத்து உதறினார். போச்சு என்று நினைத்தேன். அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, முன்னால் வந்து நின்று, இன்னும் மேலே கேட்டார். உபதேசியார் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் தரம் சொன்னபோது மேளம் காதைப் பிய்த்தது. நைனா வந்து என் கையைப் பிடித்தார். கிரீஸ் நாற்றம் அடிக்கிற கை. எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கை என்னைத் தொட்டதில்லை. "எறங்குடா" என்றார். இறங்கினேன். வெட்கமே இல்லாமல் ஊர் பார்க்க அழுதேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்துவிட்டு நைனா முன்னால் போய் நின்றேன். "நைனா, மாமாவோட போறேன். நீங்க சரின்னு சொன்னா..."

"எங்க போற?"

"வடக்க. வேலைக்கி."

"எங்கியும் போவ வேணாம். கடைய தொற."

"நைனா, மாமா பஸ் ஸ்டாண்டுல காத்துகினு கீறாரு."

"அவுரு போவட்டும். நீ நான் எடுத்த புள்ள. எங்கூட இரு. போ, கடைய தொற."

பதினைந்து வருஷம் கழித்து என் தகப்பன் எனக்குச் சொன்ன முதல் புத்தி அது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் கடையைத் திறந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஏறிய பஸ் என் எதிரிலேயே மெட்ராஸ் பக்கம் திரும்பியது. அவர் ஜன்னலில் கையை நீட்டி என்னமோ கேட்டார். நான் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் போக வேண்டியதில்லை என்றாலும், கால் பழக்கத்தில் உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ போவலியா? நான்தான் போவச் சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க?"

அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து மிச்சத்தையும் வாசித்தார். அந்தக் கண் தெரியாத தகப்பன் புத்தியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் மகனைத் தூர தேசத்துக்குப் புறப்படச் சொல்கிறான். வழி தெரிந்த ஒரு நல்ல ஆளைத் துணைக்குத் தேடிக்கொண்டு போ என்கிறான். மகன் போகிறான். வீட்டு நாய்கூடக் கூடவே போகிறது. "உங்கக்கா வூட்டுக்காருதான் அந்தத் தொணைன்னு நெனச்சேன்," என்றார் உபதேசியார். "நான் எடுத்த புள்ளைக்கு வாழ்க்கையில ஒரு வாட்டியாவது முடிவும் சொல்லிடலாம்னுதான் அத்த எடுத்தேன்."

"நேரா போடான்னு சொல்லிருக்கலாமே ஐயா! ஒரு வார்த்த!" நான் போட்ட சத்தத்தில் அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"எனக்கு அப்டி சொல்ல வராது, மகனே. வேதத்துல இருக்கிற மாதிரிதான் சொல்ல வரும்."

"அப்ப ஏலத்துல ஏன் ரெண்டாவது வாட்டி கூட்டி கேட்டீங்க?"

"அவுரு இந்த வாட்டியாவது கோவத்த முழுங்கறாரான்னு பாத்தேன். முழுங்கினாரு. உனக்கும் அதானே வேண்டியிருந்துச்சு?" என்றார். நான் பாயிலிருந்து எழுந்துகொண்டேன். சுண்டல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நைனா பேச ஆரம்பித்தார் பாருங்கள், அப்பப்பா! பதினைந்து வருஷத்து பாக்கியை ஒரே மூச்சில் தீர்க்கப் பார்த்தார். டேய், பேட்ச்சை நல்லாத் தேய். டேய், செயினுக்கு எண்ணெய் விடு. டேய், வெயிலில் நிற்காதே. டேய், அவனோடு சேராதே. கல்யாணம் யாரைப் பண்ணணும், குழந்தைக்கு எந்த நாளில் ஞானஸ்நானம், எந்தக் கடையில் டீ குடிக்கணும், எல்லாம் அவர் சொல்வதுதான். வெளியூர் போகிறேன் என்று வாயெடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகள் வந்தார்கள். கேட்பதை விட்டுவிட்டேன். லாரிகள் மட்டும் எதிரே போய்க்கொண்டே இருந்தன.

எண்பதுகளில் நைனா படுத்த படுக்கையானார். கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே கட்டில் போட்டிருந்தோம். ரோட்டுச் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏன்டா, நீ வடக்க போயிருந்தா நல்லா இருந்திருப்ப இல்ல?"

எத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்தேனோ, எல்லாம் வெளியே வந்துவிட்டது. "இப்ப கேக்கறீங்களே நைனா! அன்னிக்கி ஏன் வுடல?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஒரு வாட்டி ஊரு பாக்க உன்ன வுட்டுட்டு போனேன். மறுபடியும் எப்டிடா வுடறது?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் பெட்டி, என் ரயில், என் ஆலை எல்லாவற்றையும் இந்த ஒரு மனுஷனின் வெட்கம் தின்றுவிட்டது என்று நெஞ்சு எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், அவர் கை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏலத்தில் பிடித்த அதே பிடி. ஆனால் இழுத்தால் விட்டுவிடும், இப்போது அவ்வளவுதான் பலம் அதில். நான் இழுக்கவில்லை.

வெளியே யாரோ மணி அடித்து, "கடையில யாருப்பா? காத்து அடிக்கணும்," என்று கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.